அவுரித் தாழியில் நீலத்தைக் கரைத்துக் கொடுப்பது எந்த பாக்டீரியா?

#1 சென்னிமலை_நூல்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சென்னிமலையில் கைத்தறிக் குடும்பம். போர்வையும் துண்டும்தான் முக்கியத் தொழில், கூடவே சின்ன அளவில் அவுரி நீலமும் போடுகிறோம். ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் சேர்ப்பதில்லை. நீலக்கட்டியை ஊறவைத்து அரைத்து, சுண்ணாம்பு, வேகவைத்த தகரை விதை, கொஞ்சம் கோதுமைத் தவிடு சேர்த்து மண் தாழியில் புளிக்க விடுகிறோம்.

தாழி நன்றாக இருந்தபோது மேலே செம்பு மினுமினுப்போடு ஒரு ஏடு படிந்திருக்கும், நடுவில் கருநீல நுரை. ஏட்டை ஒதுக்கிப் பார்த்தால் உள்ளே பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர். நூல் கழியை முக்கி எடுத்தால் பச்சையாக வரும், பிழிந்து உதறும்போதே நீலமாகிவிடும். இப்போது ஏடு இல்லை. தண்ணீர் அடிவரை நீலமாகக் கலங்கிக் கிடக்கிறது. வாடையும் புளிப்பாகிவிட்டது. நூலில் ஏறுவது போலத் தெரிகிறது, அலசினால் எல்லாம் போய்விடுகிறது.

பெரியப்பா "தாழி செத்துப் போச்சு, கொட்டிடு" என்கிறார். நீலக்கட்டி விற்கிற விலைக்கு எனக்குக் கொட்ட மனசு வரவில்லை. இதில் வேலை செய்யும் பாக்டீரியா எது? பாலுக்கு உறை ஊற்றுவது போல அதை மட்டும் வாங்கி ஊற்றினால் தாழி பிழைக்குமா?

#2 திருப்பூர்_சாயம்

அம்மணி, ஹைட்ரோஸும் காஸ்டிக்கும் போட்டால் அரை மணி நேரத்தில் நீலம் கரைந்துவிடும். ஹைட்ரோஸ் என்பது சோடியம் டைதயோனைட். நீலம் தண்ணீரில் கரையாது, அதை ஒடுக்கினால், அதாவது எலக்ட்ரானை வாங்க வைத்தால், கரையும். தாழியிலும் இதே வேதியியல்தான் நடந்தாக வேண்டும்.

நான் கேட்பது வேறு. சர்க்கரையும் சுண்ணாம்பும் சேர்ந்தாலே நீலம் கரையும். வெளிநாட்டில் பழச்சர்க்கரை போட்டு அப்படித்தான் செய்கிறார்கள், நம்மூரிலும் சிலர் வெல்லமும் கனிந்த வாழைப்பழமும் போடுகிறார்கள். தவிடு போட்ட இடத்தில் பாக்டீரியா எப்படியும் இருக்கும். ஆனால் நீலத்தைக் கரைப்பது அதுதான் என்பதற்கு ஆதாரம் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#3 நுண்ணுயிர்_வகுப்பு

கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறேன். திருப்பூர் அண்ணா கேட்டிருப்பது நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பழச்சர்க்கரைத் தாழியில் நடப்பது வேதி ஒடுக்கம்தான், அங்கே பாக்டீரியாவுக்கு வேலை இல்லை. ஆனால் அதற்குச் சூடு வேண்டும், சுண்ணாம்பும் நிறைய வேண்டும். காரத்தன்மை பி.எச். 12-ஐ ஒட்டி இருக்கும். சில மணி நேரத்திலேயே தண்ணீர் மஞ்சளாகிவிடும். வெல்லம் அவ்வளவு சுலபமில்லை. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அது நேரடியாக ஒடுக்கும் சர்க்கரை இல்லை. அதோடு இருக்கும் கொஞ்சம் குளுக்கோஸும் பழச்சர்க்கரையும்தான் வேலை செய்யும்.

தவிடும் தகரையும் போட்ட தாழியைப் பாருங்கள். சூடு கிடையாது. பி.எச். 10-க்கும் 11-க்கும் நடுவில். போட்ட முதல் சில நாட்கள் ஒன்றுமே நடக்காது. பிறகு ஒருநாள் திடீரென்று வாடை மாறி, மேலே ஏடு கட்டி, உள்ளே மஞ்சளாகும். வெறும் வேதிவினை என்றால் கலக்கிய உடனே தொடங்கியிருக்க வேண்டும். சில நாள் சும்மா கிடந்துவிட்டு அப்புறம் வேகமெடுப்பது, உயிர் பெருகும் இடத்தில் நாம் பார்க்கிற பாங்கு.

நேரடி ஆதாரமும் உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் இடைக்கால ஐரோப்பிய முறைப்படி வோட் என்ற நீலம் தரும் செடியால் தாழி போட்டு, அதிலிருந்து ஒரு பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தார்கள். 1998-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அடுத்த ஆண்டு அதற்குக் குளோஸ்ட்ரிடியம் இசாடிடிஸ் என்று முறையாகப் பெயர் வைத்தார்கள். ஆக்ஸிஜன் ஆகாத, 50 டிகிரி சூட்டை விரும்பும் இனம். ஐரோப்பியத் தாழிகளும் சூடு காட்டி அந்த அளவில்தான் வைக்கப்பட்டன. வேறு எந்த நுண்ணுயிரும் கலக்காமல் தனியாக வளர்த்தபோதும் அது நீலத்தை ஒடுக்கிக் காட்டியது.

#4 திண்டிவனம்_அவுரி

நாங்கள் அவுரி பயிர் செய்து நீலக்கட்டி எடுக்கிறவர்கள். மேடம் சொல்வதோடு எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாக்டீரியா வேலை எங்கள் தொட்டியிலேயே தொடங்கிவிடுகிறது.

செடி பூக்கத் தொடங்குகிற நேரத்தில் காலையில் அறுத்து, வாடுவதற்குள் தொட்டியில் அடுக்கி, மேலே கட்டை வைத்து அழுத்தித் தண்ணீர் விடுவோம். ராத்திரி முழுக்க ஊறும். மறுநாள் தண்ணீர் பச்சை மஞ்சளாகி, மேலே குமிழி வெடித்துக்கொண்டிருக்கும், கிட்டே போனால் மூக்கைத் துளைக்கும். அந்தத் தண்ணீரைக் கீழ்த் தொட்டியில் இறக்கி, ஆட்கள் நின்று அடிப்பார்கள். முதலில் வெள்ளை நுரை, அப்புறம் நீல நுரை, அது அடங்கியதும் நிறுத்துவோம். அடியில் வண்டலாகப் படிவதுதான் நீலம். காய்ச்சி, துணியில் வடித்து, அழுத்தி, கட்டி போட்டு நிழலில் உலர்த்துகிறோம். சக்கை அப்படியே வயலுக்குப் போகும், அதைவிட நல்ல எரு கிடையாது.

தொட்டியில் இவ்வளவு கொதிப்பு நடக்கிறதே, நீலத்தை உண்டாக்குவதும் பாக்டீரியாதானே?

#5 நுண்ணுயிர்_வகுப்பு

ஐயா, இதே கேள்வியைத்தான் நூறு வருடத்துக்கு முன்னால் ஆராய்ச்சியாளர்களும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். 1887-இல் அல்வாரெஸ் என்பவர் அவுரி ஊறலில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, நீலம் உண்டாவது அதனால்தான் என்று எழுதினார். பிறகு பீகாரில் நீலத் தோட்டக்காரர்களுக்காக வேலை செய்த பெர்க்தைல் என்ற பாக்டீரியா வல்லுநர் 1904-இல், முக்கியமாக அந்த வேலையைச் செய்வது செடியிலேயே இருக்கும் நொதி என்று காட்டினார்.

இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. இண்டிகன் என்ற நிறமில்லாப் பொருளாக, ஒரு குளுக்கோஸோடு கோத்துக்கொண்டு இருக்கிறது. இலை ஊறி அதன் செல்கள் சிதையும்போது நொதி வந்து குளுக்கோஸை வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது இண்டாக்சில். நீங்கள் கீழ்த் தொட்டியில் அடித்துக் காற்றைக் கலக்கும்போது இரண்டு இண்டாக்சில் சேர்ந்து ஒரு நீல மூலக்கூறு ஆகிறது. ஊறல் தண்ணீரில் பாக்டீரியா ஏராளமாக இருக்கும், இண்டிகனை வெட்டும் நொதி சிலவற்றிடமும் உண்டு. ஆனால் அவை இல்லாமலும் உங்கள் தொட்டி நீலம் கொடுக்கும்.

சாயத் தாழியில் கதை தலைகீழ். அங்கே நீலம் ஏற்கெனவே கட்டியாக வந்துவிட்டது, அதைத் திரும்பக் கரையும் பொருளாக மாற்ற வேண்டும். அதைச் செய்யச் செடியின் நொதி அங்கே கிடையாது. ஹைட்ரோஸும் போடவில்லை என்றால் பாக்டீரியாவை நம்பித்தான் ஆக வேண்டும். இரண்டையும் "புளிக்க வைப்பது" என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் நடக்கும் வேலை வேறு வேறு.

#6 ஷிகோகு_தமிழன்

ஜப்பானில் இருக்கிறேன். டோக்குஷிமாவில் யோஷினோ ஆற்றுப் பக்கம் இதைப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் நீலக்கட்டி எடுப்பதே இல்லை. அவுரி இல்லை, வேறு செடி. காய்ந்த இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்துப் புரட்டிப் புரட்டி ஏறக்குறைய 100 நாள் மக்க வைக்கிறார்கள். குவியல் தானாகவே சூடேறி ஆவி விடும். அந்தக் கொட்டகைக்குள் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். கடைசியில் கிடைக்கும் கரிய மக்கலுக்கு சுக்குமோ என்று பெயர். மரச்சாம்பலின் தெளிநீர், சுண்ணாம்பு, கோதுமைத் தவிடு, சில இடங்களில் அரிசி மது, இவற்றோடு அதைத் தாழியில் போடுகிறார்கள். மேலே கட்டும் நீல நுரையைப் பூ என்பார்கள். ஒரு சாயக்காரர் அந்த நுரையின் நிறத்தையும் அது எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கிறது என்பதையும் பார்த்தே அன்று துணி முக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார். ஒரு தாழியை மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

நமக்கும் அவர்களுக்கும் முக்கியமான வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். சுக்குமோவில் சாயமும் பாக்டீரியாவும் அதற்கான தீனியும் ஒன்றாகவே தாழிக்குள் போகின்றன. நம் நீலக்கட்டி காய்ச்சி வடித்தது. அதில் சாயம் இருக்கும், மற்ற இரண்டும் ரொம்பக் குறைவு.

#7 நுண்ணுயிர்_வகுப்பு

அருமையாகச் சொன்னீர்கள் தம்பி. ஜப்பான் தாழிகளில் நடந்த ஆராய்ச்சிதான் எனக்கு இந்த விஷயத்தில் கண்ணைத் திறந்தது. சப்போரோவில் யுமோட்டோ என்ற ஆராய்ச்சியாளரின் குழு இந்தத் தாழிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிய இனங்களைப் பிரித்தெடுத்தது. 2004-இல் அல்கலிபாக்டீரியம் சைக்ரோடாலரன்ஸ், 2005-இல் அல்கலிபாக்டீரியம் இபுரியென்ஸ். பிறகு ஆம்ஃபிபாசில்லஸ் இண்டிசிரெடூசன்ஸ், ஓஷனோபாசில்லஸ் இண்டிசிரெடூசன்ஸ், ஃபெர்மென்டிபாசில்லஸ் பாலிகோனி என்று வரிசையாக வந்தன. எல்லாம் பி.எச். 10 போன்ற காரத்தில் செழிப்பவை. அல்கலிபாக்டீரியம் ஒரு லாக்டிக் அமில பாக்டீரியா. தயிர் பாக்டீரியாவின் தூரத்து உறவு அது, ஆனால் தயிரில் இருக்கும் புளிப்பு அதற்கு ஆகாது. தாய்லாந்தின் கபி என்ற இறால் விழுதிலிருந்தும் இதே பேரினத்தின் ஒரு இனத்தைப் பிரித்திருக்கிறார்கள்.

சென்னிமலைக்காரம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. "அந்த ஒரு பாக்டீரியா" என்று எதுவும் இல்லை. தாழி போட்டதும் முதலில் பெருகுவது ஆக்ஸிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழத் தெரிந்தவை. அவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத் தின்று தீர்க்கின்றன. அதற்கு அப்புறம்தான் ஆக்ஸிஜன் ஆகாத கூட்டத்துக்கு இடம் கிடைக்கிறது. நன்றாக ஒடுங்கிய தாழியில் மின்னழுத்தமானி வைத்துப் பார்த்தால் மைனஸ் 500, 600 மில்லிவோல்ட் வரை இறங்கியிருக்கும். அந்த நிலைக்கு ஒரே இனம் தனியாகக் கொண்டுபோவதில்லை, ஒன்று தயார் செய்த இடத்தில் இன்னொன்று வந்து உட்காருகிறது. அதனால் கடையில் ஒரு குப்பி வாங்கி ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

#8 திருப்பூர்_சாயம்

> வேறு எந்த நுண்ணுயிரும் கலக்காமல் தனியாக வளர்த்தபோதும் அது நீலத்தை ஒடுக்கிக் காட்டியது

இது போதும் மேடம், ஆதாரம் கேட்டதற்கு ஆதாரம் வந்துவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். நீலம் கரையாத தூள். பாக்டீரியாவின் உடம்புக்குள் அது போக முடியாது. வெளியே கிடக்கிற கல்லை உள்ளே இருக்கிற உயிர் எப்படி ஒடுக்கும்? அதற்கு அதனால் என்ன லாபம்?

#9 நுண்ணுயிர்_வகுப்பு

இந்தத் துறையில் இன்னும் சூடாக ஆராயப்படும் இடமே அதுதான் அண்ணா.

லாபம் முதலில். பாக்டீரியா மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உடைத்துச் சக்தி எடுக்கிறது. உடைக்க உடைக்க எலக்ட்ரான்கள் மிஞ்சுகின்றன. நமக்கு அவற்றை வாங்கிக்கொள்ள ஆக்ஸிஜன் இருக்கிறது. தாழியில் அது தீர்ந்துவிட்டது. எலக்ட்ரானை எங்காவது தள்ளினால்தான் அடுத்த சர்க்கரையை உடைக்க முடியும். நீலம் அதை வாங்கிக்கொள்கிறது. ஒரு நீல மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான் வாங்கினால் வெளிர் மஞ்சளாகிக் காரத் தண்ணீரில் கரைகிறது. ஆக, நீலம் பாக்டீரியாவுக்குத் தீனி இல்லை, மிஞ்சியதைக் கொட்டும் இடம்.

எப்படிக் கொட்டுகிறது என்பதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, செல்லின் மேற்பரப்பு நீலத் துகளை நேராகத் தொடுவது. இன்னொன்று, கரையக்கூடிய ஒரு தூதுப் பொருள் செல்லிடம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு போய், துகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவது. ஆந்த்ரகுயினோன் வகைப் பொருட்கள் அந்தத் தூது வேலைக்குப் பொருத்தமானவை. ரெடிங் குழு குளோஸ்ட்ரிடியத்தை வைத்து இதையும் சோதித்தது, ஆந்த்ரகுயினோன் சேர்த்தால் நீலம் வேகமாக ஒடுங்கியது. ஐரோப்பியச் சாயக்காரர்கள் வோட் தாழியில் தவிட்டோடு மஞ்சிட்டிக் குடும்பத்து வேர்த்தூளைப் போட்டார்கள். சிவப்புச் சாயம் தருகிற வேரை நீலத் தாழியில் ஏன் போட வேண்டும்? அந்த வேரில் இருப்பதே ஆந்த்ரகுயினோன்கள்தான்.

#10 சென்னிமலை_நூல்

மேடம், அப்படியானால் தகரை விதை? எங்கள் வீட்டில் தகரை இல்லாமல் தாழி போட விடமாட்டார்கள். "சும்மா தவிடு போதாது" என்பார்கள். காரணம் கேட்டால் யாரும் சொன்னதில்லை.

#11 நுண்ணுயிர்_வகுப்பு

நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்! தகரை விதையிலும் ஆந்த்ரகுயினோன்கள் உண்டு. கிரைசோஃபனால், எமோடின், ஆப்டுசின் எல்லாம் அதிலிருந்து பிரிக்கப்பட்டவை. அதோடு விதையை வேகவைத்தால் ஒரு கொழகொழப்பு வருகிறதல்லவா, அது கேலக்டோமன்னன் என்ற பிசின் மாவுச்சத்து. உணவுத் தொழிலில் கேசியா பிசின் என்று விற்பதும் அதுதான். தவிட்டு மாவுபோல ஒரேயடியாகச் சரியாமல், மெதுவாக உடையும் தீனி என்பது என் கணிப்பு.

அதாவது ஒரே விதையில் தீனியும் இருக்கிறது, தூதும் இருக்கிறது. ஷிகோகு தம்பி சொன்ன குறையை, நீலக்கட்டியில் இல்லாததை, நம் தென்னிந்தியச் சாயக்காரர்கள் இந்த விதையைக் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் வேர், இங்கே விதை. ஒருவரை ஒருவர் பார்க்காதவர்கள் ஒரே வகை வேதிப்பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

வேகவைப்பதால் விதையோடு வரும் பெரும்பாலான பாக்டீரியா செத்துவிடும். ஆனால் பாசில்லஸ் வகைகள் கெட்டியான உறைபோட்ட வித்தாக மாறிக்கொண்டு கொதிநீரிலும் தப்பும். தாழியின் முதல் கூட்டத்தில் அவை அதிகம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, உங்கள் தாழிக்கு வருவோம். பி.எச். தாள் வைத்துப் பார்த்தீர்களா?

#12 சென்னிமலை_நூல்

பார்த்தேன் மேடம். 8 காட்டுகிறது. ஏடு மறைய ஆரம்பித்தபோது தீனி குறைந்துவிட்டது என்று வீட்டில் தவிடு சேர்த்துக்கொண்டே வந்தார்கள். அந்த வாரம் ஆர்டர் வேறு, நாள் முழுக்க நூல் முக்கி எடுத்துக்கொண்டிருந்தோம்.

#13 நுண்ணுயிர்_வகுப்பு

காரணம் இரண்டும் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கழியும் உள்ளே போகும்போது காற்றைக் கொண்டுபோகிறது, வெளியே வரும்போது ஒடுங்கிய நீலத்தைக் கொண்டுவருகிறது. இடைவிடாமல் முக்கினால் தாழி மூச்சுவிட நேரமில்லை. அதே நேரத்தில் தவிடு கூடக் கூட பாக்டீரியா லாக்டிக், அசெட்டிக் அமிலங்களைக் கூடுதலாக விடும். சுண்ணாம்பு அதற்கு ஈடு கொடுக்கும் வரை சரி. அது தீர்ந்ததும் பி.எச். சரியும், கார விரும்பிகள் சோர்ந்துபோகும், சாதாரணப் புளிப்பு பாக்டீரியா இடம் பிடிக்கும். உங்கள் மூக்குக்குத் தெரிந்த புளிப்பு வாடை அதுதான்.

செய்ய வேண்டியது: தவிடு உடனே நிறுத்துங்கள். துணி, நூல் எதையும் முக்க வேண்டாம். நல்ல சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, தாள் வைத்துப் பார்த்துப் பார்த்து, 10-க்கும் 10.5-க்கும் நடுவில் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் கொட்டி 12-க்கு ஏற்றிவிட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். பிறகு தகரை விதை வேகவைத்த நீர் மட்டும், ஆறியபின். மூடி வையுங்கள். தினம் ஒருமுறை, காற்று உள்ளே இழுக்காமல், அடி வண்டல் எழும்பும்படி மெதுவாகச் சுற்றிவிடுங்கள். இன்னொருவர் வீட்டில் நன்றாக ஓடும் தாழி இருந்தால் அதிலிருந்து ஒரு சொம்பு, வண்டலோடு, வாங்கி ஊற்றுங்கள். நீங்கள் முதலில் கேட்ட உறை அதுதான், அந்தக் கூட்டம் முழுவதும் அதில் வரும்.

அப்படியும் எழாவிட்டாலும் பெரியப்பா சொன்னபடி கொட்ட வேண்டாம். கரையாத நீலம் அடியில் வண்டலாகத்தான் கிடக்கிறது. தெளியவிட்டு மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, வண்டலைப் புதுத் தாழிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

#14 திண்டிவனம்_அவுரி

அம்மா, சுண்ணாம்பு பழசாக இருந்தால் வேலை செய்யாது. காற்றுப்பட்ட சுண்ணாம்பு வெறும் சுண்ணாம்புக்கல் மாவாகிவிடும். கிளிஞ்சலைச் சுட்டு அன்றைக்கே நீற்றியது கிடைத்தால் நல்லது.

#15 சென்னிமலை_நூல்

சேதி சொல்ல வந்தேன். சுண்ணாம்பு மாற்றினோம், பக்கத்து ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் தாழியிலிருந்து வண்டலோடு ஒரு சொம்பு வாங்கி ஊற்றினோம். சில நாள் எதுவும் தெரியவில்லை. புளிப்பு வாடை முதலில் போனது. அப்புறம் குச்சியால் ஒதுக்கினால் ஓரத்தில் பச்சை தெரிந்தது. நேற்று மேலே மெல்லிசாக ஏடு வந்திருக்கிறது, பி.எச். 10.5. சோதனைக்கு ஒரே ஒரு கழி முக்கினேன், வெளிர் நீலம்தான், ஆனால் அலசியும் போகவில்லை. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு மூணு நாள் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

#16 திருப்பூர்_சாயம்

சந்தோஷம் அம்மணி. மேடத்திடம் கடைசியாக ஒன்று. 2011-இல் நீதிமன்றம் எங்கள் ஊர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளிலிருந்து கழிவுநீர்தான் எங்கள் தலைவலி. ஹைட்ரோஸ் கடைசியில் சல்பைட், சல்பேட் உப்பாகத்தான் தண்ணீரில் நிற்கிறது. அந்த உப்பைப் பிரிக்கிற செலவு எங்களுக்குத் தெரியும். இந்த பாக்டீரியா முறையைப் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோக முடியுமா?

#17 நுண்ணுயிர்_வகுப்பு

இன்றைய நிலையில் ஜீன்ஸ் ஓடும் வேகத்துக்கு முடியாது அண்ணா. தாழி மெதுவாகத்தான் ஒடுக்கும், கரு நீலம் வேண்டுமென்றால் முக்கி, ஆறவிட்டு, மறுபடி முக்க வேண்டும். நடுவில் தாழிக்கும் ஓய்வு வேண்டும். ஒரு பெரிய தொட்டியைவிட, மாற்றி மாற்றி ஓய்வு கொடுக்கும்படி நாலைந்து சின்னத் தொட்டிகள் வைத்தால் ஒரு நடுத்தரப் பட்டறைக்குக் கட்டுப்படியாகலாம். ஆய்வகத்தில் பார்க்க வேண்டியது தகரை நீர்தான். எந்த அளவு சேர்த்தால் ஒடுக்கம் எவ்வளவு வேகமாகிறது என்று மின்னழுத்தமானி வைத்து அளக்கலாம், செலவும் அதிகமில்லை. என் மாணவர்களுக்கு அடுத்த பருவத்துத் திட்டமாக இதைக் கொடுக்கப் போகிறேன். சென்னிமலைக்காரம்மா, தாழி நன்றாக எழுந்ததும் வண்டலோடு ஒரு பாட்டில், கழுத்துவரை நிரப்பிக் காற்றில்லாமல் மூடி வையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

#18 சென்னிமலை_நூல்

கட்டாயம் மேடம். ரெண்டு பாட்டிலாகவே எடுத்து வைக்கிறேன், திருப்பூர் அண்ணாவுக்கும் ஒன்று. அதற்கு முன்னால் இதிலிருந்து ஒரு சொம்பு எடுத்து இரண்டாவது தாழியும் போட்டுவிடுகிறேன். ஒன்று ஓய்வில் இருக்கும்போது இன்னொன்றில் நூல் ஓடும்.